க்ளைம்பிங் ஷூ பிறந்த கதை

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் நேரத்தில் நின்றால், சுமக்கிறவர்களின் கால்களைக் கொஞ்சம் கவனியுங்கள். சாய்ந்த பலகையில் ஏறும்போது ஐந்து விரலும் தனித்தனியே விரிந்து மரத்தைப் பிடிக்கின்றன. ரப்பர் செருப்பின் வார் பல வருஷம் உட்கார்ந்ததில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். சுமைக்காரர்கள் மட்டும் இல்லை, செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம்மில் பலருக்கும் பாதம் இப்படித்தான். பாறை ஏறக் கற்றுக்கொள்ள வருகிறவர் இந்தக் காலை முதல்முறையாக ஒரு க்ளைம்பிங் ஷூவுக்குள் நுழைக்கும்போது சுண்டுவிரல் பக்கம் எரியும், பெருவிரல் மூட்டு நசுங்கும். ‘என் கால்தான் சரியில்லை’ என்று முடிவுகட்டிவிடுவார். கால் சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஷூ வேறு யாருடைய காலையோ பார்த்துப் பிறந்தது.

அது பிறந்தது ஆல்ப்ஸ் மலைப் பக்கம். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே மலையேறுகிறவர்கள் போட்டது தடித்த தோல் பூட்ஸ். அதன் அடியில் இரும்பு ஆணி வரிசையாக அடித்திருக்கும். பனியிலும் ஈரப் புல்லிலும் அந்த ஆணி கடிக்கும். வெறும் பாறையில் வழுக்கும். அதனால் செங்குத்தான பாறைச் சுவர் வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, அழுத்திய கம்பளியோ கயிறோ அடிப்பாகமாகத் தைத்த லேசான துணிச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். பாறைக்கென்று தனி ஷூ என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. ஆனால் துணிச் செருப்பு பனியில் ஒன்றுக்கும் உதவாது.

1935-இல் இத்தாலிய எல்லையோரத்தில் புந்தா ராசிக்கா என்ற சிகரத்தில் இது உயிர்களைப் பறித்தது. ஏறும்போது கனத்த பூட்ஸைக் கீழே விட்டுவிட்டு லேசான ஷூவோடு போன குழு பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. ஆறு பேர் குளிரில் இறந்துபோனார்கள். அந்தக் குழுவில் இருந்து பிழைத்து வந்த மிலான் நகரத்து மலையேறி வித்தாலே பிரமானி. பாறையிலும் பிடிக்க வேண்டும், பனியிலும் தாங்க வேண்டும், அப்படி ஓர் அடிப்பாகம் வேண்டும் என்று அவர் அலைந்தார். பிரெல்லி டயர் கம்பெனியின் ஆதரவு கிடைத்தது. 1937-இல் பள்ளமும் மேடுமாக வார்த்த ரப்பர் சோல் வந்தது. அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் சுருக்கி வைத்த விப்ரம் என்ற பெயர் இன்றும் பல க்ளைம்பிங் ஷூக்களின் அடியில் மஞ்சள் நிறத்தில் பதிந்திருக்கிறது.

அதே வருஷங்களில் பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ காட்டில் இன்னொருவர் நேர் எதிர்த் திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். அங்கே மணற்கல் பாறைகள் மரங்களுக்கு நடுவே ஆள் உயரம், இரண்டாள் உயரம் என்று கிடக்கின்றன. பனி கிடையாது, ஆணி தேவையில்லை. 1935-இல் துரு சிகரத்தின் வடக்கு முகத்தை முதன்முதலில் ஏறிய பியர் அலேன் இந்தப் பாறைகளில்தான் பழகினார். அவர் கேட்டது பள்ளம் மேடு இல்லாத, வழவழப்பான ரப்பர் அடிப்பாகம். காரணம் நேரானது. மணற்கல்லின் பொடிப் பொடி மேடுகளில் எவ்வளவு ரப்பர் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. பள்ளம் வெட்டினால் தொடும் இடம் குறையும். கணுக்கால் வரை கேன்வாஸ், அடியில் மெல்லிய வழவழப்பான ரப்பர், பாதத்தைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ஒரு ரப்பர் பட்டை. அவருடைய பெயரின் முதலெழுத்துகளோடு பி.ஏ. என்று விற்பனைக்கு வந்த அந்த ஷூவைத்தான் இன்றைய க்ளைம்பிங் ஷூக்களின் தாய் என்று சொல்ல வேண்டும். பிறகு புர்தொனோ என்ற தயாரிப்பாளரின் பெயரில் வந்த ஈ.பி. ஷூ, 1970-கள் முழுக்க உலகெங்கும் பாறை ஏறுகிறவர்களின் காலில் இருந்தது.

இந்த இடத்தில் கதை நம் பக்கம் திரும்புகிறது. ரப்பர் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கை ஹெனரத்கொடை தோட்டத்துக்கு வந்தன. 1902-இல் பெரியாற்றங்கரை தட்டேக்காட்டில் ஜே. ஜே. மர்ஃபி என்ற அயர்லாந்துக்காரர் இந்தியாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். அந்தப் பெரியாறுதான் கீழே இறங்கி வந்து கொச்சிக் காயலில் கலக்கிறது. இன்றைக்கும் பத்திரிகையில் ரப்பர் விலை போடும்போது கோட்டயம் விலை, கொச்சி விலை என்று போடுகிறார்கள்.

ரப்பர் ஷீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இனிச் சொல்வது புரியும். விடியற்காலையில் மரத்தைக் கீறி, சிரட்டையில் பிடித்த பால் அமிலம் சேர்த்ததும் தயிர் போல உறையும். உருளையில் கொடுத்து அழுத்தினால் கோடு கோடாக வரி விழுந்த விரிப்பாகும். புகைக்கூடத்தில் நாலைந்து நாள் தொங்கியபின் தேன் நிறமாகி, கிட்டே வந்தாலே புகை வாடை அடிக்கும். இழுத்தால் நீளும், விட்டால் பட்டென்று பழைய இடத்துக்கே போகும். டயருக்கு இந்தத் துள்ளல் வரம். பாறையில் இதுவே குறை.

ஏன் என்பதைச் சொல்லாமல் க்ளைம்பிங் ஷூவின் பிறப்பு முடியாது. பாறையில் ஒரு சின்ன முனையின் மேல் கால் வைக்கிறீர்கள். ரப்பர் அந்த முனையைச் சுற்றி அமுங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு உடனே எதிர்த்துத் தள்ளக் கூடாது. துள்ளும் ரப்பர் தள்ளும். மெதுவாகத் திரும்பும் ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல க்ளைம்பிங் ரப்பரில் ஒரு பந்து செய்து தரையில் போட்டால் அது சரியாக எழும்பாது. இந்தக் குணத்துக்காகச் செயற்கை ரப்பர், எண்ணெய், பிசின் எல்லாம் சேர்த்துக் கலவை செய்கிறார்கள். கலவை விகிதத்தை ஒவ்வொரு கம்பெனியும் பூட்டியே வைத்திருக்கிறது.

அப்படி ஒட்டும் ரப்பரோடு முதலில் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது ஸ்பெயினின் வியேனா ஊரில் இருக்கும் போரியல் கம்பெனி. 1980-களின் தொடக்கத்தில் அவர்களுடைய ஃபீரே ஷூவை கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு அறிமுகப்படுத்தியவர், கயிறில்லாமல் ஏறிப் பேர்பெற்ற ஜான் பாக்கர். அதுவரை வழுக்கி வழுக்கி ஏறிய கிரானைட் சரிவுகளில் ஆட்கள் நின்று நிதானிக்க முடிந்தது. ஷூவே ஏறுகிறதா, ஆள் ஏறுகிறானா என்ற வாக்குவாதம்கூட அப்போது நடந்தது. அதே யோசெமிட்டியில் ஏறிக்கொண்டிருந்த சார்லஸ் கோல் 1985-இல் ஃபைவ் டென் கம்பெனியைத் தொடங்கி, ஸ்டெல்த் என்ற ரப்பரைக் கொண்டுவந்தார். ரப்பரின் கதை ஏறக்குறைய அங்கே நிறைவுக்கு வந்தது. பிறகு வந்தவையெல்லாம் அதன் மேல் செய்த மெருகு.

பாதத்தின் கதை அப்படி நிறைவடையவில்லை. எனக்கு ஆதங்கம் இதில்தான்.

எந்த ஷூவும் முதலில் ஒரு கட்டையாகத்தான் பிறக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் லாஸ்ட் என்கிறார்களே, அதுதான். கால் வடிவில் இழைத்த அந்தக் கட்டையின் மேல் தோலை இழுத்துப் போர்த்தி, அடியில் சோலை ஒட்டுகிறார்கள். கட்டை எவ்வளவு அகலமோ ஷூ அவ்வளவு அகலம். ரப்பரில் வேதியியல் நிபுணர்கள் பல வருஷம் உழைத்தார்கள். கட்டையோ பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் கால்களைப் பார்த்தே செதுக்கப்பட்டு வந்தது. அதோடு, முனையில் பலமெல்லாம் பெருவிரலுக்குப் போக வேண்டும் என்பதற்காக, முன்பக்கம் ஒடுங்கி, குதிகாலைச் சுற்றிய ரப்பர் பட்டை பாதத்தை முன்னோக்கித் தள்ளும்படி இறுக்கம் கூடிக்கொண்டே போனது. செங்குத்துக்கும் மேலே குடையாகக் கவிழ்ந்த பாறையில் ஏறுகிறவர்களுக்கு அந்த இறுக்கம் உண்மையிலேயே தேவை. நேற்று ஏறத் தொடங்கியவருக்கு அது துளியும் தேவையில்லை.

நம் பாதம் வேறு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் பாத அச்சை எடுத்துப் பார்த்து 1992-இல் எழுதினார்கள். செருப்போ ஷூவோ போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம் தட்டைப்பாதம் அதிகம். 2009-இல் பெல்ஜியத்தின் டௌத் குழுவினர் வெறுங்கால் இந்தியர்கள், காலணி போடும் இந்தியர்கள், பெல்ஜியர்கள் என்று மூன்று கூட்டத்தாரை ஒப்பிட்டார்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதம் அகலம், எடை பாதம் முழுக்கப் பரவுகிறது. பெல்ஜியர்களின் பாதம் அதைவிட ஒல்லி, அழுத்தம் சில இடங்களில் குவிகிறது. க்ளைம்பிங் ஷூவின் கட்டை எந்தப் பாதத்துக்குக் கிட்டே இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஆதாரம் சென்னை அடையாறிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்தியாவுக்கென்று முன்மொழியப்பட்ட ‘பா’ அளவுமுறை. பாரத் என்பதன் முதலெழுத்து. குழந்தை முதல் பெரியவர் வரை எட்டே எட்டு வரிசை. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்பதும், ஒடுக்கமான ஷூவில் கால் நுழையாததால் நாம் தேவைக்கு மேல் நீளமான ஷூவை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

அந்த இரண்டாவது முடிவை நான் பாறை ஏறுகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். நீளத்தைக் கூட்டி அகலத்தை வாங்க முடியாது. கணக்கைப் பாருங்கள். நாம் இன்றும் பயன்படுத்தும் ஆங்கிலேய அளவு, பார்லி தானியத்தின் நீளத்திலிருந்து வந்தது. 1688-லேயே ராண்டல் ஹோம் என்பவர் அதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு சைஸ் கூடினால் நீளம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். கட்டை செய்கிறவர்களின் வழக்கமான கணக்குப்படி அடிப்பாகத்தின் அகலமோ பன்னிரண்டில் ஒரு பங்குதான் கூடும். ஆக, கால் அங்குலம் அகலம் வேண்டுமென்று மூன்று சைஸ் ஏறினால் நீளம் முழுதாக ஒரு அங்குலம் ஏறிவிடும். அகலம் சரியாகும், விரல் நுனிக்கு முன்னால் ஒரு அங்குலம் வெற்றிடம். நடக்க அது போதும். பாறையில் அந்த வெற்றிடத்தின் மேல்தான் நீங்கள் நிற்கப் பார்க்கிறீர்கள். ரப்பர் மடங்கும், கால் உள்ளே உருளும், விழுவீர்கள். விழுந்ததும் பழி மறுபடியும் காலின் மேல்தான்.

அப்படியானால் ஷூவே வேண்டாமே என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து கர்நாடகத்தில் வளர்ந்த ஜோதிராஜ், சித்ரதுர்கா கோட்டையின் கற்சுவர்களில் வெறுங்காலோடு கயிறில்லாமல் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கொச்சியைச் சுற்றித் தென்னை ஏறுகிறவர்களும் ஷூ போடுவதில்லை. மலையாளத்தில் தளப்பு என்கிற வளையத்தை இரண்டு பாதத்திலும் மாட்டி, விரிந்த உள்ளங்காலால் மரத்தை அணைத்துத்தான் மேலே போகிறார்கள்; நம் பனையேறிகளின் தளைநாரும் அதே வேலையைச் செய்கிறது. அகலப் பாதம் ஏறுவதற்குத் தடை இல்லை என்பதற்கு இவர்களைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தத் தோல் சின்ன வயதிலிருந்து காய்த்துத் தடித்த தோல். பெங்களூர் கண்டீரவா மைதானத்துச் சுவரிலோ பாதாமியின் செம்மணற்கல்லிலோ வார இறுதியில் ஏறப்போகும் அலுவலகக்காரருக்கு ஷூ வேண்டும்.

நல்ல வேளையாக அகலத்துக்கென்று பிறந்த ஷூக்களும் இன்று இருக்கின்றன. கொரியாவின் புட்டோரா கம்பெனி சில மாடல்களை அகலம், ஒடுக்கம் என்று இரண்டு கட்டையில் செய்கிறது. தொடங்குகிறவர்களுக்கான எண்டெவர் அதில் ஒன்று. கலிஃபோர்னியாவின் ஈவால்வ், மேட் ராக் ஆகியவற்றின் அடிப்படை மாடல்களில் விரல் பகுதி தாராளம். டெகத்லான் கடையில் கிடைக்கும் சிமோன், 1860-இல் பிரான்ஸின் ஷாமோனியில் தொடங்கிய பழைய பெயர். விலை குறைவு, கடையிலேயே போட்டுப் பார்க்க முடியும். பெண்களுக்கென்று விற்கும் மாடல்கள் பெரும்பாலும் ஒடுக்கமான கட்டையில் செய்தவை. அகலப் பாதமுள்ள பெண்கள் ஆண்கள் வரிசையில் சின்ன சைஸ் தேடினால் நிம்மதி கிடைக்கும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளைத் தரையில் வைத்து, சுவரோடு குதிகாலை ஒட்டி, முழு எடையையும் போட்டு நின்று பாதத்தை வரைந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து வரைந்தால் பாதம் விரியாது, அளவு பொய் சொல்லும். மாலையில் வரையுங்கள், கொச்சி வெக்கையில் காலையில் இருந்த கால் மாலையில் இருக்காது. விரல் மூட்டுப் பகுதியின் அகலத்தையும், நூலால் சுற்றளவையும் குறித்துக்கொண்டு போனால் கடைக்காரரிடம் சைஸ் நம்பரோடு இன்னொன்றையும் கேட்கலாம்: இதில் அகலக் கட்டை உண்டா? இரண்டு காலில் எது பெரியதோ அதுதான் கணக்கு.

முதல் ஷூவின் அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும். கீழ்நோக்கி வளைந்த, பெருவிரல் பக்கம் திரும்பிய மாடல்களைத் தொட வேண்டாம். போட்டதும் விரல் நுனிகள் முன்சுவரைத் தொட வேண்டும், கொஞ்சம் மடங்கினாலும் சரி. ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. குதிகாலில் காற்றுப் பை இருக்கக் கூடாது. அகல முன்பாதமும் ஒடுங்கிய குதிகாலும் உள்ளவருக்கு இந்த இரண்டும் சேர்ந்து அமைவதுதான் கஷ்டம். கயிறு கட்டும் மாடல் அவருக்கு உதவும்: முன்னால் தளர்த்தி, மேலே இறுக்கலாம். வெல்க்ரோவில் அந்த நுணுக்கம் கிடைக்காது, ஆனால் சட்டென்று கழற்றலாம். உள்துணி வைக்காத தோல், போகப்போக அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். செயற்கைத் தோல் பெரும்பாலும் வாங்கிய அளவிலேயே நிற்கும். தோல் ஷூ கடையில் லேசாக நெருக்கினால் வாங்கலாம், செயற்கைத் தோல் நெருக்கினால் வேண்டாம்.

படிக்கட்டின் விளிம்பில் பெருவிரல் பக்கத்தை மட்டும் ஊன்றி ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். நெருக்கமாக இருப்பது வேறு, சுருக்கென்று குத்துவது வேறு. சுண்டுவிரல் மூட்டிலோ பெருவிரல் மூட்டிலோ குத்தினால் அடுத்த சைஸைக் கேட்காதீர்கள், அடுத்த மாடலைக் கேளுங்கள். ‘போட்டுப் போட்டுப் பழகிவிடும்’ என்று கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தோல் நெகிழும், எலும்பு நெகிழாது.

மழைக்காலத்தில் மட்டாஞ்சேரி வீடுகளில் அலமாரித் தோல் பெல்ட்டில்கூடப் பூசணம் பூக்கும். வியர்த்த ஷூவைப் பைக்குள் விட்டுவைத்தால் ஒரே வாரத்தில் வாடை ஏறிவிடும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நடுவே கழற்றி விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக் காற்றில் நிழலில் காயவையுங்கள். வெயிலிலும் பூட்டிய காருக்குள்ளும் வைத்தால் சோலை ஒட்டிய பசை விட்டுவிடும். ரப்பர் தேய்ந்து முன்பட்டை தெரிய ஆரம்பித்தால் தூக்கிப் போடாமல் புது சோல் போடக் கொடுக்கலாம். பெருவிரல் பக்கம் ஓட்டை விழும் முன்னால் கொடுத்தால் செலவும் குறைவு, காலுக்குப் படிந்த அந்த அகலமும் கைவிட்டுப் போகாது.